பாதியில் மணி அடித்த பாடம்

குணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது புதன்கிழமை போனில் பேசிய குரலிலேயே தெரிந்துவிட்டது. "வர்ற கலந்தாய்வுல மாறுதல் கேக்கப் போறேம்மா. கூடுவாஞ்சேரி பக்கம் கெடச்சா போதும்" என்றாய். "அதுவரைக்கும் புக்குல இருக்கறத வாசிச்சிட்டு, கேள்வி பதில் எழுதிப் போட்டுட்டுப் போயிடறேன்" என்றும் சொன்னாய். நானும் யோசிக்காமல் "வந்துடு நைனா" என்று சொல்லிவிட்டேன். இப்போது அதை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் "சிக்னல் இல்லம்மா, வச்சிடறேன்" என்கிறாய். மாமல்லபுரத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் கிடைக்கிற சிக்னல் உனக்கு மட்டும் எப்படிக் காணாமல் போகிறதோ தெரியவில்லை. நாளைக்கு ஜெபராஜ் சார் உன்னைப் பார்க்க வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, வரி மேலே ஏறும், கீழே இறங்கும். முழுக்கப் படி. படித்த பிறகு உன் கூட வேலை செய்கிற வாத்தியார்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் ஜெபராஜ் சாரும் மல்லிகா டீச்சரும் வேடந்தாங்கலுக்குப் போய்விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நம் படாளத்து வீட்டுக்கு வந்தீர்களே, அந்த நாளிலிருந்து சொல்கிறேன். மூன்று பேரும் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவர்கள், வேறு வேறு பள்ளிக்கூடம். பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று இடம் பார்க்கப் போயிருந்தீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் கோழிக்குழம்பு, மார்கழி விரதம் என்று மல்லிகா டீச்சருக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. நான் பரிமாறிக்கொண்டே நீங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இந்த வருஷம் சுற்றுச்சூழல் பாடத்தைக் கடலை வைத்தே நடத்தப் போவதாகச் சொன்னதும் மல்லிகா டீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"யாரு, நீயா? கடலோரத்துப் புள்ளைங்களுக்கு நீ கடல காட்டப் போறியா? அதுங்க உனக்குக் காட்டும்டா!"

"சிரிக்காதீங்க டீச்சர். நீங்க அந்தப் பாடத்த எப்படி நடத்தறீங்க, சொல்லுங்க."

"நடத்தறதா? புக்குல அது எங்க கீது? கடேசில. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ரிவிஷன் வந்துடும். இதயம், மரபியல் இதெல்லாம் முடிக்கவே எனக்கு மூச்சு வாங்குது. 'இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வூட்ல படிச்சிக்கோங்க'ன்னுடுவேன். வர்ற கேள்விக்கு அதுங்களே கத அடிச்சி எழுதிடும். மரம் வளர்ப்போம், மழை பெறுவோம். மார்க் வந்துடும். எங்கிட்ட படிக்கறதெல்லாம் வூட்ல மொதமொதலா பத்தாவது தாண்டப்போற புள்ளைங்க. அதுங்களுக்கு மார்க்தான் சோறு."

ஜெபராஜ் சார் வேறு கதை சொன்னார். "எனக்கு நடத்தணும்னு ஆசைதான். போன வருஷம் ஏரிக்கரைக்குக் கூட்டிகினு போகணும்னு எழுதிக் குடுத்தேன். பெத்தவங்க கையெழுத்து எல்லாம் வாங்கிட்டேன். கெளம்பற அன்னிக்கு எச்.எம். 'பாம்பு கடிச்சா நீயா பதில் சொல்லுவே?'ன்னாரு. வாசல்ல இருந்த வேப்பமரத்தச் சுத்தி நிக்கவச்சி, இதான் சூழ்நிலைமண்டலம்னு காட்டினேன். மேல இருந்த காக்கா எஞ்சட்டையிலயே அதோட கருத்தச் சொல்லிட்டுது."

எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகு மல்லிகா டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். நேரமும் மார்க்கும் கூடப் பெரிசில்லை என்றாள். "எங்க ஸ்கூல் பின்னாடி இருந்த ஏரியில பாதிய மூடி பிளாட் போட்டுட்டான். போட்டவன் புள்ள எங்கிளாஸ்ல மொத பெஞ்சு. வாங்கி வூடு கட்டினவன் புள்ள ரெண்டாவது பெஞ்சு. அங்க கல்லு மண்ணு தூக்கினவன் புள்ள கடேசி பெஞ்சு. நான் ஏரியப் பத்தி வாயத் தொறந்தா யாரப் பாத்துப் பேசறது? இதயத்த நடத்தினா எவனுக்கும் கோவம் வராது. அதனால சொல்றேன், ஊர் பொழப்புல கை வெக்காத குணா." அதற்கு நீ, "அதுக்காகவேதான் டீச்சர் நடத்தணும்" என்றாய். ரசம் ஊற்ற வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கூலி வேலைக்குப் போன வீட்டில் பிறந்த பிள்ளை, நம் தெருவில் முதல் எம்.எஸ்ஸி., இப்படிப் பேசுகிறானே என்று எனக்கு அவ்வளவு பெருமை. மல்லிகா டீச்சர் சொன்னதில் பாதியாவது நியாயம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு நான் மாமல்லபுரத்தில் உங்களோடு வந்து இருந்தபோதுதான் அந்த விளையாட்டைத் தயார் செய்தாய். கிழிந்த வலையிலிருந்து பிரித்த கயிறு ஒரு பந்து. ஆளுக்கொரு அட்டை: பாசி, இறால், நண்டு, ஜெல்லிமீன் என்கிறார்களே அந்தச் சொறிமீன், ஆமை, மீன், மீனவர் என்று. பிள்ளைகள் வட்டமாக நின்று, தின்கிறவர் கையிலிருந்து தின்னப்படுகிறவர் கைக்குக் கயிற்றைக் கொண்டுபோக வேண்டும். ஒன்று செத்தால் அந்த அட்டைக்காரர் உட்கார வேண்டும். யார் கையில் கயிறு தளர்கிறதோ அவரும் உட்கார வேண்டும். படமெல்லாம் நம் யாழினி வரைந்தது. எட்டாவது படிக்கிற பெண், அந்த ஆமையின் ஓட்டில் கட்டம் கட்டமாக எப்படிப் போட்டிருந்தாள், பார்த்தாயா? நான் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, கடையில் விற்கிற சார்ட்டில் கூட அப்படி இருக்காது. என்னை இறாலாக நிற்கவைத்தாய். உன் பெண்டாட்டி ரேவதி, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த களைப்பில், "ஆமையா? நானா? அத்தையை ஆமையா நிக்கச் சொல்லுங்க, நான் உக்காந்துகினே இறாலா இருக்கேன்" என்றாள். வீட்டில் அந்த விளையாட்டு அருமையாக நடந்தது. முதல் பாதியில் மீனவர் அட்டை வைத்திருப்பவர் கயிற்றை இழுப்பார், ஆமை விழும், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விழும். இரண்டாம் பாதியில் நீ மற்ற அட்டைகளை எடுப்பாய். பெரிய இழுவைப் படகு, கரையோர ஓட்டல் விளக்கு, பார்க்க வருகிறவர் போடுகிற குப்பை, ஊரிலிருந்து வருகிற சாக்கடை, ருசியாக மீன் கேட்கிற ஆள். ஒவ்வொருவராக வந்து கயிற்றில் கை வைக்க வேண்டும். கடைசியில் யார் எதை விட்டுக்கொடுத்தால் ஆமை எழுந்து நிற்கும் என்று எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். நன்றாக யோசித்துச் செய்த பாடம். நம் யாருக்கும் உறைக்காத ஒரே விஷயம், வீட்டில் மணி அடிக்காது.

அந்தப் பாடத்துக்கு என்று தனியாக நேரம் கிடைக்காமல், விளையாட்டு வாத்தியாரிடம் கெஞ்சி ஒரு பீரியடு கடன் வாங்கினாய். மீனவர் அட்டையை வினோதினி கையில் கொடுத்தாய். கெட்டிக்காரப் பெண், நீ கேட்கிற கேள்விக்கெல்லாம் முதலில் கை தூக்குகிறவள், வலையைப் பற்றி அவளுக்குத் தெரியும், அதனால் கொடுத்தாய். அவள் அப்பா ஏழுமலை சின்னப் படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா செல்வி மீன் விற்கிறவள். அந்தப் பெண் சந்தோஷமாகக் கயிற்றை இழுத்தாள். ஆமை உட்கார்ந்தது. சொறிமீன், நண்டு, இறால் என்று வகுப்பு முழுக்க உட்கார்ந்துவிட்டது. நடுவில் அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். அந்த நேரத்தில் மணி அடித்துவிட்டது. பின்னால் ஒருவன் "கொலகாரி!" என்று கத்த, எல்லோரும் சிரிக்க, நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே "மீதிய நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாய். இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது உனக்கே அதில் என்ன நடந்தது என்று முழுசாகப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் ஏழுமலையும் ஊர் பஞ்சாயத்தாரும் தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் பயந்துபோய், இனி அந்த விளையாட்டு வேண்டாம், புத்தகத்தில் இருப்பதை நடத்தினால் போதும் என்றார். வினோதினி அன்றைக்கு வரவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் ஏழுமலை தனியாக உங்கள் மாமல்லபுரத்து வீட்டுக்கு வந்தார்; பொங்கலுக்கு வந்த நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். உள்ளே கூப்பிட்டும் வராமல் படியிலேயே உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"சார், நான் சண்டைக்கு வர்ல. காலைல வந்தது ஊரோட வந்தது. இப்ப நானா வந்துகீறேன். எம்பொண்ணு நேத்துலேர்ந்து மீன் துண்ண மாட்டேன்றா. நான் வலை கட்டிகினு இருந்தா, என்னாண்ட வராம சுத்திகினு போறா. இன்னா சொல்லிக் குடுத்த நீ?"

"உங்கள நான் ஒண்ணும் சொல்லலண்ணே. வலையில சிக்கினா ஆமையால மேல வந்து மூச்சு வாங்க முடியாது, அதத்தான்..."

"அது எனக்குத் தெரியாதா? மாட்டும். உசுரோட இருந்தா அறுத்து வுட்டுடுவோம். சில வாட்டி செத்துதான் வரும். பொய் சொல்ல மாட்டேன். அதுக்காவ எம்பொண்ணு ஒருத்தி நின்னு ஊருக்கே பதில் சொல்லணுமா? ஓட்டல்காரன் புள்ள உங்கிளாஸ்ல இல்லியா? அவன் உக்காந்துகினு சிரிச்சானாமே!"

"பாடத்துல தப்பு இல்லண்ணே" என்றாய் நீ. அவர் பார்வை திண்டாட்டமாக அங்கே இங்கே போய், மேஜைமேல் கிடந்த மீனவர் அட்டையில் நின்றது. "இத யாரு வரைஞ்சது?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து யாழினி, "நான்தான் மாமா" என்றாள். "நல்லாதான் வரைஞ்சிகீற. லுங்கியெல்லாம் கரெக்டா கீது. கண்ணு ஏன் இப்டி மொறைக்குது? திருடன் மாரி?" அவள் மெதுவாக, "தெரில மாமா, பெருசா வந்துடுச்சி" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அதைக் காட்டாமல் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாய், "இன்னும் பாதி இருந்துச்சும்மா" என்று. "அத அவராண்ட சொன்னியா?" என்றேன். "எப்படிச் சொல்றது? மணி அடிச்சிடுச்சின்னா?" என்றாய். அங்கேதான் உனக்கும் எனக்கும் அபிப்பிராயம் வேறு. பாடத்தில் தப்பில்லை என்று நீ சொன்னது சரி. அதை எந்த இடத்தில் வெட்டினாய் என்பதில்தான் தப்பு. இதயத்தைப் பாதியில் நிறுத்தினால் மறுநாள் மீதி இதயத்தை நடத்திக்கொள்ளலாம், ராத்திரிக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இந்தப் பாடத்தில் மட்டும் நிறுத்துகிற இடத்தில் யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். மல்லிகா டீச்சர் நடத்தவே வேண்டாம் என்றாள், நீ நடத்தியே தீர வேண்டும் என்றாய். மணி அடித்தால் யார் நின்றுகொண்டிருப்பார்கள் என்று இரண்டு பேரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் மட்டும் என்ன, இறாலாக நின்று வேடிக்கை பார்த்தவள்தானே.

உன் அப்பாவை நினைத்துக்கொள். அடுத்தவர் கழனியில் முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே போவார். மறுநாள் வரப்போரம் நண்டும் தவளையும் மல்லாந்து கிடக்கும். நீயே பார்த்திருக்கிறாய், ஒரு தடவை குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். மருந்து வாங்கியது கழனிக்காரர். எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொன்னது கடைக்காரர். அடித்தது உன் அப்பா, கூலிக்கு. நீ பத்தாவது படித்தபோது ஒரு வாத்தியார் பூச்சிமருந்து அட்டையை உன் கையில் கொடுத்து, வகுப்பு முழுக்க உட்கார்ந்து, கழனிக்காரர் மகன் பின்னாலிருந்து சிரித்து, அதோடு மணி அடித்திருந்தால் நீ மறுநாள் பள்ளிக்கூடம் போயிருப்பாயா? உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், போயிருக்க மாட்டாய். தவளை செத்தது பொய்யா என்றால் பொய்யில்லை. அதைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவே இருந்திருந்தால், சொல்லித்தான் ஆக வேண்டும் என்றிருப்பார். கடைசிக் காலத்தில் அவர் இருமியபோது அந்த மருந்தைத்தான் திட்டினார். ஆனால் டப்பாவைச் சுமந்தவனிடம் ஆரம்பித்து அவனிடமே முடித்துவிட்டால், பாக்கிப் பேர் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நீ போனில் மாறுதல் என்றபோது நான் ஏன் உடனே சரி என்றேன் என்றால், அதில் என் சுயநலமும் இருந்தது. கூடுவாஞ்சேரி என்றால் ரயிலோ பஸ்ஸோ பிடித்து வாராவாரம் வந்து யாழினியைப் பார்க்கலாம். அவளும் அந்தப் பக்கம் நல்ல பள்ளிக்கூடத்தில் சேரலாம். ரேவதிக்கும் பெரிய ஆஸ்பத்திரி கிட்டே. நீ நாள் முழுக்கப் பொதுத்தேர்வுக் கேள்வியாகப் போட்டுத் தள்ளிக்கொண்டு, யார் வீட்டு மனிதரும் படியேறி வந்து கேள்வி கேட்காமல் நிம்மதியாக இருக்கலாம். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வந்துடு என்றேன். வியாழக்கிழமை முழுக்க அந்த நிம்மதியோடுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பெண் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று நீ போகிற போக்கில் சொன்னாயே, அது அரிசி களையும்போதும் கூட வந்தது, கண்ணை மூடினாலும் வந்தது. பொதுத்தேர்வு நெருங்குகிற சமயம். வெள்ளிக்கிழமை காலையில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழி பஸ் ஏறி, உனக்கும் ரேவதிக்கும் சொல்லாமல் அந்தப் பெண்ணின் ஊருக்கே போய்விட்டேன். கோபப்படுவாய். படு.

செல்வி ரோட்டோரம் தார்ப்பாய் நிழலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாத்தியாரின் அம்மா என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்டிச் சொல்லு! உம்புள்ள புண்ணியத்துல எங்க வூட்ல தெனம் கத்திரிக்கா கொழம்பு. மீன் விக்கறவ வூட்ல கத்திரிக்கா! வெளிய சொன்னா எவ எங்கிட்ட மீன் வாங்குவா?" என்றாள். நான், "எம்புள்ள மூஞ்சியும் கத்திரிக்கா மாரிதான் கீது, ஒரு வாரமா" என்றேன். அதற்கு அவளுக்கு வந்த சிரிப்பில்தான் வழி கிடைத்தது. பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "வா, அவளையே கேளு. எங்கிட்ட பேச மாட்டேன்றா" என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வினோதினி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சார் அனுப்பினாரா பாட்டி?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, அவருக்குத் தெரியாது என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "கொலகாரின்னு எவனோ சொன்னானே, அதுக்காவா வர மாட்டேன்ற?" என்று கேட்டேன்.

"அவனுங்க எப்பவுமே அப்டித்தான் பாட்டி. முன்னாடி 'கவிச்சி'ன்னுவானுங்க. அது பழகிடுச்சி."

"பின்ன இன்னாம்மா?"

"நாளைக்குப் பாக்கலாம்னாரு சார். அவரு கையில இன்னும் அட்டைங்க இருந்துச்சி, நான் பாத்தேன். மறுநாள் அப்பா என்னை வுடல. கூடப் படிக்கற சங்கீதாக்கு போன் போட்டு, சார் மீதி கேம் ஆடினாரான்னு கேட்டேன். இல்ல, புக்க படிச்சிட்டு கேள்வி பதில் எழுதிப் போட்டாருன்னா. அப்ப கேம் முடிஞ்சிடுச்சிதான பாட்டி? நான் நின்னதோட முடிஞ்சிடுச்சி."

நான் அந்த மற்ற அட்டைகளில் என்னென்ன இருந்தது என்று சொன்னேன். பெரிய படகு, ஓட்டல் விளக்கு, குப்பை, சாக்கடை, மீன் கேட்கிற ஆள். கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப ஏன் மொதல்ல எனக்குக் குடுத்தாரு?" என்றாள். "அத நீயே வந்து அவரைக் கேளு" என்றேன். "அவருதான் மாறுதல் வாங்கிகினு போறாராமே. இருப்பாரா?" என்றாள். பார், உன் மாறுதல் கதை உனக்கு முன்னால் அந்த ஊருக்குப் போய்விட்டது. "திங்கக்கெழம இருப்பாரு" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காகச் சொன்ன வார்த்தை அது.

ஏழுமலை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து என்னிடம்தான் சொன்னார், மகளிடம் இல்லை. "எச்.எம்.மாண்ட நானே வந்து சொல்றேன்மா. மீதிய நடத்தட்டும். எம்மேல தப்பு இருந்தா அதையும் சொல்லட்டும், ஆனா மீதிப் பேரையும் கூப்புடட்டும். நான் ஜன்னலாண்ட நிப்பேன். மறுபடியும் எம்பொண்ணு மட்டும் நின்னான்னு வெச்சிக்கோ, அங்கயே கையப் புடிச்சி இஸ்துகினு வந்துடுவேன். அப்புறம் பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." மிரட்டலாகச் சொல்லவில்லை. யோசித்து முடிவு செய்த மனிதர் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் மல்லிகா டீச்சருக்குப் போன் செய்தேன். உன் நம்பரைவிட அவள் நம்பர் சீக்கிரம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "ஒரு பீரியடு பத்தாதும்மா. அடுத்த பீரியடு யாருதுன்னு பாத்து, அந்த வாத்தியார் கால்ல விழுந்தாவது ரெண்டையும் சேத்து வாங்கச் சொல்லுங்க. ரிவிஷன்னு எழுதிக்கட்டும், சுற்றுச்சூழல்னு எழுதினா எவனும் குடுக்க மாட்டான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "முடிச்சிட்டு எப்டிப் போச்சின்னு எனக்கு மறைக்காம சொல்லச் சொல்லுங்க. நல்லா போகலன்னாலும் சொல்லட்டும். எனக்கு ஏரி கீதே" என்றாள். அவள் அப்படிச் சொன்னது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

ஆகவே குணா, மாறுதல் கேட்பதும் கேட்காததும் உன் விருப்பம். கூடுவாஞ்சேரிக்கு வந்தால் சந்தோஷப்படுவேன், மாமல்லபுரத்திலேயே இருந்தால் நானே பஸ் ஏறி வருவேன், கால் இன்னும் நடக்கிறது. அதைப் பற்றி இனி நான் பேச மாட்டேன். திங்கட்கிழமையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அந்தப் பெண் வருவாள். வந்ததும் "ஏன் மொதல்ல எனக்குக் குடுத்தீங்க?" என்று கேட்பாள், எல்லோர் முன்னாலும் கேட்பாள், அவள் கண்ணைப் பார்த்த எனக்குத் தெரியும். அதற்கு நான் உனக்கு ஒரு பதில் எழுதித் தரலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. உன்னிடமும் நல்ல பதில் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன் என்று சொல். புத்தகத்தின் பின்னால் போய் ஒளியாதே. ஜன்னலில் அவள் அப்பா நிற்கிறார் என்பதற்காக ஆமை வலையில் சாவதில்லை என்றும் சொல்லிவிடாதே, அது அவருக்கே பிடிக்காது. இரண்டு பீரியடுக்கும் சேர்த்து ஆளைப் பேசி வை. நடுவில் மணி அடித்தாலும் அடிக்கட்டும், நீ கயிற்றைச் சுருட்டாதே.

உன் கணக்கில் அந்தப் பாடம் போன வாரமே முடிந்துவிட்டது. அந்தப் பெண் கணக்கில் அவள் இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். முதலில் அவளை உட்கார வை. அதற்குப் பிறகு நீ எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ.

அம்மா
படாளம்